சூம்பிய கையும் சிலம்புக் கம்பும்



பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும் நம்மவர் இல்லங்களில் என்ன நடைபெறுகிறது? மகள் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். பேரன் சாரத்தைக் கட்டிவிடுகிறான். அவர் இளமை முதல் சுழற்றிய சிலம்புக் கம்பு கூரை வளையில் செருகப்படுகிறது. "இனி இதெல்லாம் உங்களுக்கு எதற்கு அப்பா?" என்பது அன்பின் சொல்லே. ஆயினும் அவர் உள்ளத்தை அதுவே முதலில் முடக்கிவிடுகிறது.

சீனடியும் சிலம்படியும் கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் வழிவழியாகப் பயின்றுவந்த கலைகள். அவற்றில் ஊறியவருக்குக் கம்பு வெறும் விளையாட்டுப் பொருளன்று. ஊரில் அவருக்கிருந்த மதிப்பும் அதனோடு பிணைந்தது.

சூம்பிய கையரை நினைத்துப் பாருங்கள். அது வலக்கை என்று லூக்கா குறிப்பிடுகிறார். மாற்கு நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அவரைத் தொழுகைக்கூடத்தின் நடுவே எழுந்து நிற்கச் செய்கிறார். பிறகு, எந்தக் கையால் இயலாதோ அந்தக் கையையே நீட்டச் சொல்கிறார். அதைத் தூக்கிப் பிடிக்குமாறு அருகிலிருந்த எவரையும் ஏவவில்லை. அத்தனை கண்கள் நோக்க அக்கையை வெளியே காட்ட அம்மனிதர் எவ்வளவு கூசியிருப்பார்!

இனி மருத்துவம் சொல்வதைக் கேளுங்கள். எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க உளவியலாளர், நலிந்த கை மூளைச் சேதத்தால் மட்டுமன்றி, பயன்படுத்தாமலே பழகிவிடுவதாலும் முடங்குகிறது எனக் கண்டார். ஆகவே நல்ல கைக்கு உறையிட்டு, நலிந்த கையையே உழைக்கச் செய்தார். 2006இல் வெளியான ஆய்வொன்றில் 222 பேர் பங்கேற்றனர். பாரிசவாதம் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் கடந்தவர்கள் அவர்கள். இரண்டு வாரம் இப்பயிற்சி பெற்றவர்களின் கை, வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றோரின் கையைவிட நன்கு தேறியது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும் என்பதையும் மறவாதீர்கள்.

1959இல் பாரிசவாதத்தால் வீழ்ந்த பேராசிரியர் பெத்ரோ பாக்-இ-ரீத்தாவை, மருத்துவ மாணவராயிருந்த அவருடைய மகன் ஜோர்ஜ் முதலில் குழந்தையைப் போலத் தவழவிட்டார். மதிப்புக்குரிய முதியவரை இப்படி நடத்தலாமா என அயலவர் முகஞ்சுளித்தனர். மகன் கேட்கவில்லை. தந்தை மீண்டும் கல்லூரியில் கற்பித்தார். 1965இல் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேத பரிசோதனையில் மூளையின் பெருஞ்சேதம் ஆறாமல் அப்படியே இருந்தது தெரியவந்தது. எஞ்சிய பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தன!

தற்காப்புக் கலைக்கும் சான்று உண்டு. சீனத்துத் தாய்ச்சியை 12 வாரம் பயின்றவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே தடுமாறி விழுந்தனர் என, பாரிசவாதத்திலிருந்து மீண்ட 145 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவதே அதன் உயிர்நாடி. நம் சிலம்பத்தின் காலடியும் அதையன்றோ கற்பிக்கிறது?

எனவே கம்பை வளையிலிருந்து இறக்குங்கள். ஆனால் உடனே சுழற்ற விடாதீர்கள். இரத்த அழுத்தம் கட்டுப்பட்டுள்ளதா என்று வைத்தியரிடமும், தோள் மூட்டு இறங்கியுள்ளதா என்று இயன்மருத்துவரிடமும் கேளுங்கள். தளர்ந்த தோளுடன் தலைக்குமேல் கம்பை வீசுவது மூட்டைக் கெடுக்கும். முதலில் கதிரையில் அமர்ந்து, இரு கைகளாலும் கம்பைப் பிடித்து முன்னே நீட்டி மடக்கட்டும். பிறகு சுவரருகே, ஒருவர் துணை நிற்கக் காலடி மட்டும் பழகட்டும். மூச்சை அடக்கவேண்டாம். சிலருக்கு ஒரு பக்கத்துப் பொருள்கள் கவனத்திலேயே படுவதில்லை. அத்தகையோர் அருகில் எவரும் கம்பு வீசலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் படும் சிறு அடியும் பேராபத்தாகலாம். எதிராளியோடு மோதுவது என்றைக்கு, அல்லது என்றைக்குமே வேண்டாமா என்பதை வைத்தியரே சொல்லட்டும்.

அதுவரை அவருடைய மாணாக்கர் மாலையில் முற்றத்துக்கு வரட்டும். ஐயா கதிரையிலிருந்தபடியே அவர்களின் காலடிப் பிழையைத் திருத்தலாம். கம்பை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், அவருடைய நலிந்த கையின் பக்கமாகக் கொடுங்கள்.