கன்னத்துச் சிவப்பு நம் தோலில் சிவப்பாகத் தெரியாது

உங்கள் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு விடுங்கள். நொடியில் பழையபடி படிந்துவிடும். தோலின் உள்ளடுக்கில் பின்னிக் கிடக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகளின் வேலை அது. அறிவியல் பாடத்தில் ‘இணைப்புத் திசு’ என்று படிப்பது இத்தகைய திசுவைத்தான். தசைநாண், காது மடலின் குருத்தெலும்பு, ரத்தக் குழாயின் சுவர் என உடல் முழுவதும் அது இருக்கிறது. ஆகவே அதைத் தாக்கும் நோயும் ஓரிடத்தோடு நிற்பதில்லை. மூட்டு, சிறுநீரகம், நுரையீரல் என்று உள்ளே போகும். வெளியே கண்ணுக்குத் தெரிவது தோல்தான். அதனால் இந்நோயாளிகள் சிலர் முதலில் தோல் மருத்துவரிடம் வந்து நிற்கிறார்கள்.

ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையில், பருவுக்கும் எக்ஸிமாவுக்கும் வந்து காத்திருப்பவர்களிடையே லூப்பஸ் உள்ள ஒருவரும் இருக்கலாம். லூப்பஸ் ஒரு தன்னெதிர்ப்பு நோய். கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்பொருள்கள் நம் சொந்தச் செல்களின் உட்கருவையே பகையாக எண்ணித் தாக்கும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள் தொடங்கும். அதாவது, உங்கள் வயதிலேயே தொடங்கக்கூடும்.

இதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் நண்பகல் நேரத்தில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டுவது புதிதல்ல. அந்தக் கதிர்கள் பட்டுத் தோல் செல்கள் சிதையும்போது, உட்கருவில் இருந்த பொருள்கள் வெளிப்படுகின்றன. எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பற்றிக்கொள்ள, அழற்சி உண்டாகிறது. வெயில் நேராகப் படும் மூக்குத் தண்டிலும் இரு கன்னங்களிலும், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தடிப்பு தோன்றும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். மருத்துவருக்கு அது நல்ல தடயம்.

எனக்கு ஒரு குறை உண்டு. நாம் காணும் படங்களில் பெரும்பாலும் வெள்ளை முகத்தில் செக்கச் செவேலென்று அந்தத் தடிப்பு இருக்கும். நம் மாநிறத் தோலில் மெலனின் அந்தச் சிவப்பை மறைத்துவிடுகிறது. ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். வீட்டில் “வெயில்ல கறுத்துட்டே” என்று சொல்லிக் கற்றாழை தடவுவார்கள். கற்றாழைமீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தடிப்போடு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்வது ஆகியவையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

அங்கிருந்து சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் செய்யச் சொல்லும் ஒரு சோதனை அழகானது. நோயாளியின் ரத்தத்தில் பிரித்த சீரத்தை, ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்மீது விட்டு, ஒளிரும் சாயம் சேர்ப்பார்கள். உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், நுண்ணோக்கியில் உட்கரு பச்சையாக மின்னும். நோயில்லாத சிலருக்கும் மின்னும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிறுநீரகம் பழுதானால் நிலைமை கடுமையாகும். பாடகி செலினா கோமஸுக்கு லூப்பஸால் 2017இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது.

இதே குடும்பத்தில் வேறு நோய்களும் உண்டு. ஸ்கிளிரோடெர்மாவில் கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோல் இறுகிவிடும். தொடக்கத்தில் நீங்கள் செய்ததுபோல் கிள்ளித் தூக்கவே முடியாது. சிலருக்கு, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாய்வது அதன் முதல் அடையாளம். சென்னைப் பெண்ணான நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தமக்கு மயோசைட்டிஸ் இருப்பதாக அறிவித்தது நினைவிருக்கும். அது தசையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். அதில் தோலும் சேர்ந்து பாதிக்கப்படும் வகைக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெயர். இமைகளில் ஊதா நிறம் படரும். படியேறவும் தலை வாரவும் சிரமமாக இருக்கும்.

இவற்றில் எதுவும் ஒட்டுவாரொட்டி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தாலோ தண்ணீர்ப் போத்தலைப் பகிர்ந்தாலோ வராது. லூப்பஸுக்குப் பெரும்பாலும் கொடுப்பது ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாவுக்காக உருவான மருந்து வகையைச் சேர்ந்தது. நோய் சீறும்போது ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அதனால் சில வாரங்களில் முகம் உப்பி வட்டமாகலாம். உங்கள் வகுப்பில் யாருக்காவது அப்படி ஆனால் “என்ன, நல்லாச் சாப்பிடறியா?” என்று கேட்டுவிடாதீர்கள். உடற்பயிற்சி நேரத்தில் அவர் நீளக் கைச் சட்டையோடு நிழலில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் அனுமதித்திருப்பார். வானம் மூடிக் கிடக்கும் நாளிலும் அங்கேதான் உட்காருவார். மேகம் புற ஊதாக் கதிர்களை முழுவதும் தடுப்பதில்லை.