ஸ்டாக்ஹோம் வெயிலும் காக்களூர்ப் பாலும்

1930 ஜூலையில் சி.வி. ராமன் ஐரோப்பாவுக்கு இரண்டு கப்பல் டிக்கெட் எடுத்தார். ஒன்று தனக்கு, இன்னொன்று மனைவி லோகசுந்தரிக்கு. அந்த ஆண்டின் நோபல் பரிசு யாருக்கு என்பது நவம்பரில்தான் தெரியும். ஆனாலும் டிசம்பர் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேரும்படி கணக்குப் போட்டே பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பரிசும் அவருக்கே வந்தது. ராமனின் இந்தத் தன்னம்பிக்கையைப் பற்றி எழுதாதவர் இல்லை. உடன் போன லோகசுந்தரியைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பாவைப் பார்த்த தமிழ்ப் பெண்கள் மிகக் குறைவு. 1925இல் லண்டன் போன முத்துலட்சுமி ரெட்டிகூட மருத்துவ மேற்படிப்புக்காகத்தான் போனார். லோகசுந்தரிக்குத் தேர்வும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. வீணை வாசிக்கத் தெரிந்த, 1907இல் ராமனை மணந்த அந்தப் பெண்மணி ஊர் பார்க்கும் கண்ணோடு போகலாம். அந்த வழியில் போகிற எவருக்கும் இரண்டு அதிசயங்கள் காத்திருந்தன: மத்தியதரைக் கடலின் நீலம், வடகோடியின் சாய்வெயில். இரண்டிலும் ஒளிச்சிதறலுக்குப் பங்குண்டு என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

முதலில் கடல். சூயஸ் கால்வாயைத் தாண்டியதும் கப்பலின் இருபுறமும் விரிகிற அந்த நீலம் நம் பழவேற்காட்டுக் கரையில் நின்றால் கிடைக்காது. இங்கே ஆற்று வண்டலும் நுண்ணுயிர்ப் பாசிகளும் தண்ணீரைப் பச்சையாகவும் பழுப்பாகவும் ஆக்கிவிடுகின்றன. மத்தியதரைக் கடலில் பாசிகளுக்கு உரம் குறைவு, அதனால் தண்ணீர் தெளிவு. 1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு 'நர்குண்டா' கப்பலில் திரும்பியபோது ராமன் இந்த நீலத்தைச் சும்மா ரசித்துவிட்டு விடவில்லை. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தன்னிடம் இருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணுக்கு முன் பிடித்து, தகுந்த கோணத்தில் திருப்பி, தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போன பிறகு நீலம் மங்கவில்லை, இன்னும் ஆழமாயிற்று. அப்படியானால் நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும்போதே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் தயார்.

இதோடு இன்னொன்றும் உண்டு: தண்ணீர் சிவப்பை விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். விழுங்குவதும் சிதறடிப்பதும் சேர்ந்துதான் கடலை நீலமாக்குகின்றன. கடல் தொடங்கிவைத்த அந்தத் தேடல் ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1928 பிப்ரவரி 28 அன்று, தன் மாணவர் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் ராமன் விளைவாகப் பலித்தது. சிதறும் ஒளியில் கோடியில் ஒரு துகள்போல மிகச் சொற்பமானவை மட்டும் நிறம் மாறி வருகின்றன. அந்த மாற்றம் எந்தப் பொருளின் மூலக்கூறு என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இன்று மருந்து மூலப்பொருளைப் பையைப் பிரிக்காமலே சோதிக்கிற கைக்கருவிகள் இந்த அடிப்படையில் இயங்குபவை.

இனி ஸ்டாக்ஹோம். பரிசளிப்பு டிசம்பர் 10. அந்தத் தேதியில் அங்கே பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் வந்த வினை. 59 டிகிரி வடக்கில் இருக்கும் அந்த நகரத்தில் உச்சி வேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 8 டிகிரிதான் எழும்பும். அதே நாள், அதே உச்சி வேளையில், 13 டிகிரி வடக்கில், நம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் காக்களூரில் அது 54 டிகிரி உயரத்தில் நிற்கும். இங்கே பகலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல்.

உயரம் குறைந்தால் ஒளி காற்றில் நெடுந்தூரம் சாய்வாக வர வேண்டும். தலைக்கு நேர் மேலிருந்து வருவதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு காற்று. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை ஆறு மடங்குக்குக் கிட்டச் சிதறடிக்கும். நீலம் வழியிலேயே நாலாபக்கமும் போய்விட, கண்ணுக்கு வந்து சேர்வது மஞ்சளும் பொன்னும். நம் ஊரில் மாலை ஐந்து மணிக்கு மேல் பார்க்கும் வெயிலை அங்கே மதியம் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கலாம். அங்கே வானம் தெளிந்திருக்கும் டிசம்பர் நாளின் அழகு அது.

இதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டுமா? காக்களூர் ஆவின் பண்ணையிலிருந்து புறப்படும் பால் பாக்கெட் போதும். பாலில் கொழுப்புத் துளிகளும் அவற்றைவிட மிகச் சிறிய கேசின் புரத உருண்டைகளும் மிதக்கின்றன. நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6. கொழுப்புத் துளிகள் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ சமமாகச் சிதறடிக்கும். அதனால் வெண்மை. கேசின் உருண்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குபோல. அது நீலத்தையே அதிகம் சிதறடிக்கும். ஆடை முழுதும் எடுத்த பால் லேசாக நீலம் பூத்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று பால்காரரைக் கோபிக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 28ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று ராமன் படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வகுப்பை இருட்டாக்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் விளக்கை அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் வெளிர்நீலம் தெரியும், எதிர்ப்பக்கம் நின்று விளக்கையே பார்த்தால் மஞ்சள் தெரியும். இன்னும் சில சொட்டு விட்டால் அது செம்மஞ்சளாகும். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பக்கமும் வந்து நின்று பார்க்கட்டும்.