ஸ்கிராபிள் பலகையில் தமிழ் அடங்காது, தெரியுமா?

எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் பலகையில் எத்தனை கட்டங்கள் தெரியுமா? பதினைந்துக்குப் பதினைந்து, மொத்தம் 225. தமிழ் எழுத்துகள் எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247! கட்டத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனால், பலகை நிறைந்த பிறகும் 22 எழுத்துகள் உட்கார இடமில்லாமல் வெளியே நிற்கும்!

தேனிக்காரர்களே, இன்னொன்று கேளுங்கள். அந்த ஆட்டத்தில் ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஏழு காய்கள் இருக்கும். ஏழையும் ஒரே சொல்லில் இறக்கிவிட்டால் 50 புள்ளி கூடுதல். இளையராஜா பிறந்த ஊரை எழுத்தெண்ணிப் பாருங்கள்: ப, ண், ணை, ப், பு, ர, ம். ஏழு! பாரதிராஜாவின் ஊர்? அ, ல், லி, ந, க, ர, ம். அதுவும் ஏழு! ஊர்ப்பெயர் செல்லாது என்பது ஆங்கில ஆட்டத்தின் விதி. நம் வீட்டுத் திண்ணையில் ஆடும்போது அந்த விதியைத் தாராளமாகத் தளர்த்திக்கொள்ளலாம். போடிநாயக்கனூருக்கு எட்டு எழுத்து, உத்தமபாளையத்துக்கும் எட்டு. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் எழுத்தோடு கையிலிருக்கும் ஏழையும் சேர்த்தால் இரண்டுமே கைக்கு வரும்! வைரமுத்து வளர்ந்த வடுகபட்டிக்கு ஆறுதான். இளையராஜா, பாரதிராஜா, வைரமுத்து மூவரும் 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் ஒன்று சேர்ந்தார்கள், வைரமுத்துவுக்கு அதுதான் முதல் படம் என்பதும் தெரிந்த செய்திதானே!

இந்த ஆட்டம் பிறந்த கதை தெரியுமா? அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி உலுக்கிய 1930-களில், வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் உட்கார்ந்து செய்தது இது. எந்த எழுத்துக்கு எத்தனை காய், எத்தனை புள்ளி என்பதை அவர் எப்படி முடிவு செய்தார்? செய்தித்தாளை விரித்து வைத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார்! அடிக்கடி வரும் ஆங்கில ‘இ’ (E) எழுத்துக்கு 12 காய்கள், ஆனால் ஒரே ஒரு புள்ளி. அபூர்வமான ‘கியூ’வுக்கு ஒரே காய், 10 புள்ளி. அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இன்றுவரை நிற்கிறது. விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1948-ல் ஜேம்ஸ் பிரனோ என்பவர் கையில் எடுத்து, ‘ஸ்கிராபிள்’ என்று பெயர் வைத்த பிறகுதான் ஆட்டம் ஓடத் தொடங்கியது.

பலகையிலிருந்து அது தொலைக்காட்சிக்குத் தாவியது 1984-ல், என்பிசி அலைவரிசையில். 2011-ல் ‘ஸ்கிராபிள் ஷோடவுன்’ வந்தது. அதில் தனி மேதாவிகள் ஆடவில்லை. வீட்டுப் பிள்ளையும் பெரியவரும் ஓர் அணி! பிரான்சில் 1965 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, குலுக்கி எடுத்த எழுத்துகளிலிருந்து நீளமான சொல்லைக் கட்டும் நிகழ்ச்சி ஓடியது. அதைப் பார்த்துப் பிரிட்டனில் தொடங்கிய ‘கவுன்ட்டவுன்’, 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 பிறந்தபோது அதன் முதல் நிகழ்ச்சியாகவே ஒளிபரப்பானது. எழுத்து விளையாட்டை நம்பி ஒரு அலைவரிசையே வாசல் திறந்திருக்கிறது!

நம்மிடம் இல்லையா? இருந்தது! விஜய் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ நினைவிருக்கிறதா? ‘சுப்ரமணியபுரம்’ படத்துக்கு இசையமைத்த அதே ஜேம்ஸ் வசந்தன்தான். இருவர் ஓர் இணை. ஒருவர் குறிப்புச் சொல்ல, மற்றவர் அந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரையை முந்திக்கொண்டு கத்துவார்கள். அதற்கும் முன்னால் இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது வளர்த்தெடுத்த ‘பாட்டுக்குப் பாட்டு’. பிறகு சன் தொலைக்காட்சிக்கும் வந்தது. கொடுத்த எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், அதில் ‘ண’ வந்தால்? ‘ள’ வந்தால்? எந்தப் பாடகராலும் முடியாது! ஏன் தெரியுமா?

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டின் வரிசையிலும் தமிழ்ச் சொல் தொடங்காது என்று தொல்காப்பியம் அன்றே வரம்பு கட்டிவிட்டது. பிறமொழியிலிருந்து வந்த டீயும் ரயிலும் லாரியும் மூன்று கதவுகளைத் திறந்தன. மற்ற ஐந்தும் இன்றும் மூடியே கிடக்கின்றன. மெய்யெழுத்திலும் தமிழ்ச்சொல் தொடங்காது. முடிவிலும் காவல் உண்டு: க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச்சொல்லின் கடைசியில் நிற்கவே நிற்காது. கட்டத்துக்கு ஒரு முழு எழுத்தாக வைக்கும் ஒரு தமிழ்ப் பலகையை நினைத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக எழுதும்போது முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து வராது, கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வராது!

இன்னும் உள்ளே போகலாம். க் என்ற காயை எதிராளி வைக்கிறார் என்றால், அடுத்து அவர் வைக்கப்போவது க வரிசையில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ச், த், ப் மூன்றுக்கும் அதே கதைதான். தன் இனத்தைத் தவிர வேறொன்றை அருகே சேர்க்காது. பக்தி, சக்தி எல்லாம் வடமொழி வரவு. ஆனால் ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆட்சி, நட்பு, முயற்சி, கற்க! ர், ழ் இரண்டும் தம்மைத்தாமே இரட்டிக்காது. ஆங்கில ஸ்கிராபிள்காரர் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் ஆட்டக்காரருக்கோ மொழியே குறிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதைவிட விளையாட்டுக்கு வாகான எழுத்து முறை வேறெங்கே இருக்கிறது?

இதைக் கேளுங்கள்! ஒரே ஒரு காயை வைத்துச் சொல் கட்ட முடியுமா? ஆங்கில ஆட்டத்தில் முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கே கொடுத்துவிட்டார்! நாற்பது நெடில், நொ, து என்று இரண்டு குறில். பூ, தீ, கை, மை நமக்குத் தெரியும். கா என்றால் சோலை, வீ என்றால் மலர். ஓ என்றால்? மதகில் நீரைத் தாங்கும் பலகை! 1895-ல் பென்னிகுவிக் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீரில் இருபோகம் விளைவிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், மதகடியில் நிற்கும் விவசாயியின் கண்ணெதிரே அந்த ஓரெழுத்துச் சொல் நிற்கிறது.

மேடைப் போட்டியும் நமக்குப் புதிதல்ல. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நாஞ்சில் நாட்டு இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் என்ன செய்தார் தெரியுமா? சதாவதானம்! ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், வெண்பா வர வேண்டும். இன்னொருவர் இலக்கணச் சந்தேகம் கேட்பார். பின்னால் முதுகில் கல் எறிவார்கள், எண்ணிக்கை நினைவிருக்க வேண்டும். நடுநடுவே மணி அடிப்பார்கள், அதன் கணக்கும் தப்பக்கூடாது. சொல்லோடு ஆடிய அந்த ஆட்டத்தைக் கூடியிருந்த சபை நேருக்கு நேர் பார்த்தது. தொலைக்காட்சி அப்போது உலகிலேயே இல்லை! இன்னும் பின்னால் போனால், ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ‘திருமாலைமாற்று’ பாடிவிட்டார்; முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஆடிய கை எவ்வளவு பழைய கை!

உலகப் போட்டியிலும் நம் பெயர் உண்டு. 2007-ல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் சாம்பியன் போட்டியின் இறுதிவரை வந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். வென்றவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே அகராதியை மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் பட்டத்தை வென்றவரும் இவரே!

சரி, தமிழுக்குக் காய்கள் எப்படிச் செய்வது? 247-ஐயும் வெட்டினால் ஆட்டம் திணறும். ங வரிசை உயிர்மெய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லே கிடையாது. நான் விரும்புவது 31 காய்ப் பலகை: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. க் பக்கத்தில் அ வைத்தால் க. பண்ணைப்புரம் இப்போது பதினோரு காயாக விரியும், ஏழு காய் வெகுமதி போய்விடும். போகட்டும்! ஆறு வயதுப் பிள்ளை உயிரும் மெய்யும் சேர்வதைத் தன் விரலால் நகர்த்திப் பார்க்குமே, அதற்கு ஈடாக எதையும் விட்டுக்கொடுக்கலாம். எந்தக் காய் எத்தனை வேண்டும் என்பதற்கு பட்ஸ் காட்டிய வழியே போதும்: அன்றைய நாளிதழின் ஒரு பக்கத்தை எண்ணுங்கள்.

எந்தச் சொல் செல்லும் என்ற சண்டை கட்டாயம் வரும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இருக்கிறது. 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது. தேனிப் பக்கத்து ஆட்டத்தில் கேப்பையும் வெஞ்சனமும் முழுப்புள்ளியோடு செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தாரே, அந்த மரியாதை கம்பம் பள்ளத்தாக்குச் சொற்களுக்கும் வேண்டும். அப்பத்தாவும் பேத்தியும் ஓர் அணியாக உட்கார்ந்தால், இளையவள் அறியாத சொல் மூத்தவளிடமும், மூத்தவள் மறந்த இலக்கணம் இளையவளிடமும் கிடைக்கும். குடும்ப நிகழ்ச்சி என்பதற்கு வேறென்ன வேண்டும்?

தொலைக்காட்சிக்காரர்களே, ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ சொல்லின் பொருளை வைத்து ஆடியது. எழுத்தை வைத்து ஆடும் குடும்ப நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்குங்கள். முதல் பதிவைக் கம்பத்திலோ சின்னமனூரிலோ வையுங்கள். வாசகர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, 31 எழுத்துகளையும் வேண்டிய அளவு எழுதி, இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஆடுங்கள்!