காகிதத்தில் ஒரு மைக்ரான்

மேசைமேல் வைக்கிற அளவில் வரும் சி.என்.சி. (கணினி ஓட்டும்) லேத்துகளின் விளம்பரத் தாளைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரு வரி கண்ணில் படும்: ‘துல்லியம் 0.001 மி.மீ.’ அதாவது ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியே பொதுவாக 50 மைக்ரானுக்குக் குறையாத தடிமன் கொண்டது. வீட்டின் கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் நாற்பது கிலோ இயந்திரம் அதில் ஐம்பதில் ஒரு பங்கைச் சீவித் தருமாம். லேத் பட்டறையில் தலை நரைத்த எந்த டர்னரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். “எங்கே, ஒரு ஜாப் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க” என்பார்.

அந்த எண் முழுப் பொய் அல்ல. கணினி எவ்வளவு சிறிய நகர்வைக் கேட்க முடியும் என்பதை அது சொல்கிறது. கேட்டது கிடைத்ததா என்பது வேறு விஷயம். இந்த வகை லேத்துகளில் டூலை நகர்த்துவது பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து, படிக்கு 1.8 டிகிரியாகத் தாவித் தாவிச் சுழலும். அதோடு பூட்டிய பால் ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துமானால் ஒரு படிக்கு 0.025 மி.மீ. குறுக்கு அச்சில் இது ஆரத்தில் விழும் வெட்டு. விட்டத்தில் இரட்டிப்பாகி 0.05 ஆகிவிடும். பிறகு 0.001 எங்கிருந்து வந்தது? மின்னோட்டத்தைப் பங்கிட்டு ஒவ்வொரு படியையும் 16, 32 நுண்படிகளாக உடைக்கிறார்கள். கணக்கில் மைக்ரான் வந்துவிடும். ஆனால் 16 நுண்படிகளில் ஒன்று நகரும்போது, மோட்டாரின் பிடிப்பு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தள்ளுவதற்குக் கிடைக்கும். சறுக்குப் பாதையின் உராய்வு அதைவிட அதிகமென்றால் டூல் அசையாது; சில நுண்படிகள் சேர்ந்ததும் ஒரே தாவலாகத் தாவும். திரையில் எண்கள் மட்டும் அழகாக மாறிக்கொண்டே இருக்கும்.

பால் ஸ்க்ரூவும் தன் பங்குக்குப் பிழை சேர்க்கும். இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் சி7 தரம். 300 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. வரை விலகலாம் என்பது அந்தத் தரத்தின் இலக்கணம். ஒரு மைக்ரான் கனவில் இப்போதே ஐம்பது போய்விட்டது. உலோகத்தை இன்னும் தொடவே இல்லை.

தொட்டால் என்ன ஆகும்? 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு ஒன்றைச் சக்கில் பிடித்து, 100 மி.மீ. வெளியே நீட்டி, டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் நுனியைக் கடைகிறோம் என்று வையுங்கள். டூல் அதைப் பக்கவாட்டில் 100 நியூட்டன், அதாவது சுமார் பத்துக் கிலோ எடையளவு, தள்ளினால் ராடு 0.02 மி.மீ. வளையும். விட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக நிற்கும். அதே நீளத்தில் 10 மி.மீ. ராடு என்றால் வளைவு பதினாறு மடங்கு, ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். இது ராடின் கணக்கு மட்டும். சக், ஸ்பிண்டில் பேரிங், டூல் போஸ்ட், பெட் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தொழிற்சாலை லேத்துகள் டன் கணக்கில் வார்ப்பிரும்பைச் சுமப்பது இதனால்தான். கன இரும்பு எளிதில் வளையாது, அதிர்வையும் விழுங்கிவிடும். சின்ன லேத்தை மதிப்பிட வருபவர் முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, அதன் அடியில் இருக்கும் இரும்பை.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. பெர்லினில் இயந்திரக் கருவித் துறைப் பேராசிரியராக இருந்த கேயோர்க் ஷ்லெசிங்கர், ஒரு லேத்தையோ மில்லிங் இயந்திரத்தையோ வாங்கும்போது எதை எதால் அளக்க வேண்டும், எவ்வளவு விலகலாம் என்று 1927-இல் ஒரு சோதனைப் புத்தகமே வெளியிட்டார். இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் பின்பற்றும் ஏற்புச் சோதனைகள் அதன் வழிவந்தவை. யூதர் என்பதால் 1933-இல் நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்து 1949-இல் மறைந்தார். அவருடைய சோதனைகளுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பலவற்றுக்கு ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் போதும்.

கேஜின் முனையை டூல் போஸ்டில் படியவைத்து, டூல் போஸ்டைக் கையால் அழுத்தி விடுங்கள். ஊசி நகர்ந்து திரும்பி வந்தால் அது வளைவு. திரும்பாமல் நின்றுவிட்டால் அது ஆட்டம். கேஜை ஸ்பிண்டிலின் உட்கூம்பில் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று தாடைச் சக்கை வைத்து ஸ்பிண்டிலை எடைபோட வேண்டாம். சக்கே ஐந்து, ஆறு பாயிண்ட் ஓடும், அதாவது 0.05, 0.06 மி.மீ. பிறகு கடைசல்: 25 மி.மீ. ராடைச் சுமார் 75 மி.மீ. நீட்டிப் பிடித்து, மெல்லிய வெட்டாக ஓட்டி, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால், இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் மேசையைப் பாருங்கள். சமமில்லாத மேசையில் போல்ட் போட்டு இறுக்கினால் சின்ன பெட் முறுக்கிக்கொள்ளும். அளக்கும்போது ஜாப் ஆறியிருக்க வேண்டும், 50 மி.மீ. அலுமினியத் துண்டு 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே 17 மைக்ரான் பெருத்துக் காட்டும்.

கணினி லேத்துக்கென்றே எனக்குப் பிடித்த சோதனை பித்தளை உருண்டை. 20 மி.மீ. முழு உருண்டை ஒன்றைக் கடையச் சொல்லுங்கள். நுனியிலிருந்து நடுவரை டூல் வெளிநோக்கி வரும்; நடுவைக் கடந்ததும் உள்நோக்கித் திரும்பும். திருப்பத்தில் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே ஆட்டம் இருந்தால், நடுவயிற்றில் மெல்லிய வளையம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தால் இழுத்தால் தட்டும். ஆட்டத்தை மென்பொருளில் சரிசெய்துவிட்டோம் என்று விற்பவர் சொல்லக்கூடும். ஓரளவு உண்மைதான். ஆனால் வெட்டு விசை டூலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது.

அதற்குத் தெரியாதவை இன்னும் உண்டு. சாதாரண ஸ்டெப்பர் அமைப்பில், டூல் எங்கே இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல எதுவுமில்லை. பளு தாங்காமல் மோட்டார் சில படிகளைத் தவறவிட்டால், அதன்பின் வரும் எல்லா அளவும் அதே அளவுக்குத் தப்பாகவே வரும். சுழற்சியை அளந்து திருப்பிச் சொல்லும் என்கோடர் பொருத்திய மோட்டாருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், அது வீண் செலவல்ல.

என்கோடர் கட்டாயம் வேண்டிய இடம் ஸ்பிண்டில். மரை போடும்போதுதான் இது தெரியும். 10 மி.மீ. போல்ட்டின் வழக்கமான மரை 1.5 மி.மீ. பிட்ச். ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் டூல் சரியாக 1.5 மி.மீ. நகர வேண்டும். ஸ்பிண்டில் 300 சுற்றில் ஓடுகிறது என்று நம்பிக் கணினி நிமிடத்துக்கு 450 மி.மீ. நகர்த்துகிறது, வெட்டுப் பளுவில் ஸ்பிண்டில் 290-க்கு இறங்கிவிட்டது. பிட்ச் 1.55 ஆகிவிடும். பத்து மரையில் அரை மி.மீ. பிழை. நட்டு சில சுற்று ஏறி இறுகி நிற்கும். தவிர, மரை ஒரே வெட்டில் முடிவதில்லை. ஒவ்வொரு வெட்டும் முந்தியதன் தடத்திலேயே நுழைய வேண்டும். ஆகவே ஸ்பிண்டிலின் கோணத்தைக் கணினி நொடிக்கு நொடி அறிந்து அதன் பின்னால் ஓட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்-சி.என்.சி. மென்பொருள் இதை ஒழுங்காகச் செய்கிறது. சிறிய மில்லிங், லேசர் இயந்திரங்களில் பரவலாக உள்ள ‘ஜிஆர்பிஎல்’ அதன் மூல வடிவில் இதைச் செய்யாது. ‘ஸ்பிண்டில் என்கோடர் உண்டா?’ என்ற ஒரு கேள்வி விற்பவரின் விஷய ஞானத்தையும் காட்டிவிடும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, கணினி எதற்கு? கை லேத்தில் உருண்டை கடைவது அனுபவசாலிக்கே சவால். இதில் இரண்டு வரி நிரல். முகம் சீவும்போது டூல் நடுவை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் தானாகவே வேகம் கூட்டும். நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால், 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 640 சுற்று, 10 மி.மீ. விட்டத்தில் 3,180. எந்தக் கையாலும் இப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. பரப்பு ஒரே பளபளப்பில் வரும். எண்களால் இயந்திரத்தை ஓட்டும் யோசனையே வளைபரப்புகளுக்காகத்தான் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வடிவத்தோடு மல்லுக்கட்டிய ஜான் பார்சன்ஸின் எண்ணம், 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடா ஓட்டிய மில்லிங் இயந்திரமாகக் கண்முன் நின்றது. 1980களில் ஆஸ்திரியாவின் எம்கோ நிறுவனம் ‘காம்பாக்ட் 5’ என்ற மேசை லேத்தில் கணினியைப் பொருத்திப் பயிற்சிக்கூடங்களுக்கு விற்றது.

வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஒரு கணக்குப் போடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். டூல் ஹோல்டர், கார்பைடு இன்ஸர்ட், நல்ல சக், மைக்ரோமீட்டர், கனமான மேசை என்று வாங்கும்போது அந்தப் பழமொழி நினைவுக்கு வரும். கை லேத் ஓட்டுபவர் சத்தம் மாறினாலே ஊட்டத்தைக் குறைப்பார். நிரலுக்குக் காது இல்லை. நீளச் சுருள்கள் சக்கில் சுற்றிக்கொண்டு சாட்டையாய் வீசும்போதும் அது பாட்டுக்கு ஓடும். எனவே மூடி, எமர்ஜென்சி ஸ்டாப் இரண்டும் இல்லாத இயந்திரம் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் வரக்கூடாது.

மாதத்துக்கு ஒரு புஷ் தேவைப்படுபவருக்கு நிரல் எழுதி டூல் செட் செய்யும் நேரத்தில் தெருக்கோடி லேத் பட்டறையில் வேலை முடிந்துவிடும். ஒரே மாதிரி இருபது பித்தளைக் குமிழ்களோ, மாதிரி நீராவி எஞ்சினுக்கான சின்னப் பாகங்களோ செய்பவருக்கு இது நல்ல துணை. எதற்கு வாங்கினாலும், கையில் 20 மி.மீ. எம்.எஸ். ராடு ஒன்றை எடுத்துப் போங்கள். நிரலில் பார்ட்டிங் போட்டுத் துண்டிக்கச் சொல்லுங்கள். லேத்தின் விறைப்பை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் வேலை குறைவு. அதிராமல், டூல் உடையாமல் அறுத்துக் காட்டினால் பேரம் பேசுங்கள். அலுமினியம்தான் ஓட்டிக் காட்டுவோம் என்றால், முன்பணம் கொடுக்க வேண்டாம்.