குறைமாதக் குழந்தையும் மார்பில் கட்டும் துணியும்

பருவம் வருமுன் பிடுங்கப்பெற்ற நாற்று எத்துணைக் கருத்துடன் பேணத்தக்கது என்பதை உழவர் பெருமக்கள் நன்கறிவர். கருவுற்று 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையும் அத்தகையதே. தோலின் கீழ்க் கொழுப்புக் குறைவாதலின் அதன் உடற்சூடு விரைவில் தணியும். கழுத்துக்கு வலிமையில்லை; மூச்சும் இடையிடையே தடைப்படக்கூடும். இத்தகைய குழந்தையைத் துணியால் கட்டித் தூக்கலாமா? முறையறிந்து கட்டினால் அத்துணி உயிரைக் காக்கும். முறை தவறினால் உயிருக்கே கேடாகும்.

தாயின் மார்பே வெப்பப் பெட்டி

1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் கருவிகள் போதாமையால், எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டும் முறையை வகுத்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதை ஒத்திருப்பதால் இது கங்காருப் பராமரிப்பு எனப்பட்டது. பிறந்தவுடனேயே தொடங்கி, நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் வரை இதனைக் கைக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

தீங்கு நேர்வது எவ்வாறு?

தொளதொளப்பான துணியில் குழந்தையின் உடல் வில்போல் வளைகிறது. தலை முன்னே சாய்ந்து, முகவாய் நெஞ்சில் படிகிறது. மூச்சுக்குழல் மடங்கி அடைபடுகிறது. அழுது அறிவிக்கவும் அக்குழந்தைக்கு ஆற்றல் இராது. துணி மூக்கை மூடினும் இதுவே விளைவு. 2010-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் மாட்டும் துணிப்பைகளைப் பற்றி எச்சரித்தபோது, குறைமாதக் குழந்தைகளைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. நம் இல்லங்களில் கட்டும் தூளியிலும் உடல் இவ்வாறே வளைவதால், இக்குழந்தைகளுக்கு அது ஏற்றதன்று.

கட்டும் முறை

குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இடுப்புத் துணி மட்டும் அணிவித்து, தாயின் மார்புகளுக்கிடையே நிமிர்ந்த நிலையில் வைத்தல் வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். கால்கள் தவளையின் கால்கள்போல் மடங்கி விரிந்திருத்தல் நன்று. துணியின் மேல்விளிம்பு காதின் கீழே நிற்க வேண்டும். மார்புப் பகுதியில் இறுக்கமாகவும், குழந்தையின் வயிறு மூச்சுக்கு அசையும் அளவு இடம் விட்டும் கட்டுக. தாய் குனிந்து பார்த்தால் குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும்.

உறங்கும்போது தாய் தலையணைகளில் சாய்ந்திருத்தல் வேண்டும். குழந்தையைக் கட்டிய நிலையில் அடுப்பருகே நிற்றல், வயலில் குனிந்து வேலை செய்தல், இருசக்கர வாகனத்தில் செல்லுதல் ஆகியவை அறவே கூடா. உதடு நீலம் பாய்தல், மூச்சுத் திணறல், பால் குடியாமை, உடல் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

நாளில் எட்டு மணி நேரத்திற்கு மேல் தாய் குழந்தையைச் சுமக்க வேண்டுமாயின், நீர் சுமத்தலையும் சமையலையும் பிறர் ஏற்றாக வேண்டும். தந்தையும் பாட்டியும் தம் மார்பில் குழந்தையைத் தாங்கலாம். பால் ஊட்டுதல் தவிர மற்றெல்லாம் அவர்களால் இயலும். கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இம்முறையைக் கிராம சபையில் செய்து காட்டச் செய்வதும், குறைமாதக் குழந்தை பிறந்த இல்லங்களை அவர் தவறாது காணுமாறு தகவல் தருவதும் ஊராட்சி உறுப்பினர்களின் நீங்காக் கடமையாகும்.