கிணற்றில் மைனஸ் 4... கடல் உள்ளே வருவது இப்படித்தான்! ஆரணி ஆற்றங்கரை சொல்லும் கணக்கு

ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வருகிறதா? அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நாம் பார்க்கப்போவது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஆரணி. பழவேற்காடு அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் படுகை, பல வருடங்களாக ஒரு மைனஸ் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' என்று படித்தோமே, அதே கணக்குதான்!

சி.எஸ்.கே-வைக் கவிழ்த்த மைனஸ்

முதலில் ஒரு சின்ன வார்ம்-அப். 2025 ஐ.பி.எல்-லில் சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளுக்கும் தலா 8 புள்ளிகள். நெட் ரன்ரேட், ராஜஸ்தானுக்கு -0.549, சென்னைக்கு -0.647. பார்க்க 647 பெரிதாகத் தெரிந்தாலும், கடைசி இடம் சென்னைக்குத்தான். மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாக, மதிப்பு குறையும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருப்பதே பெரியது. 100 ரூபாய் கடன்காரரைவிட 500 ரூபாய் கடன்காரர் கீழேதானே!

"எத்தனை அடியில தண்ணி?"

கிணறு என்றாலே நாம் கேட்கும் முதல் கேள்வி இது. ஆனால், இந்தக் கேள்வி நம்மை ஏமாற்றிவிடும். கணக்குக்காக இரண்டு கிணறுகளை வைத்துக்கொள்வோம்.

முதல் கிணறு உள்நாட்டில். அங்கே தரை, கடல் மட்டத்தைவிட 20 மீட்டர் உயரம். தண்ணீர் 15 மீட்டர் ஆழத்தில். அப்படியென்றால் நீர்மட்டம் 20 - 15 = +5.

இரண்டாவது கிணறு கடலோரப் பக்கம். தரை 5 மீட்டர் உயரம்தான். தண்ணீர் 9 மீட்டரிலேயே கிடைக்கிறது. நீர்மட்டம் 5 - 9 = -4.

ஆழத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது கிணற்றுக்காரர்தான் அதிர்ஷ்டசாலி. கடல் மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து வரிசைப்படுத்தினால் கதையே வேறு: +5, 0, -4. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கடல் 0-வில் இருக்கிறது, கிணறு -4-ல் இருக்கிறது. மண்ணுக்குள்ளே உப்புநீர் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லவும் வேண்டுமா?

மீஞ்சூரில் நடந்தது

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. ஆரணி ஆறு - கொசஸ்தலை ஆறு படுகையிலிருந்து சென்னைக்கும், விவசாயத்துக்கும், தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. மழை நிரப்பியதைவிட மோட்டார் எடுத்தது அதிகம். மீஞ்சூர் பக்கம் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனது. 1960-களின் இறுதியில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், பின்னாளில் 10 கிலோமீட்டரையும் தாண்டியது. நல்ல தண்ணீர் தந்த கிணறுகள் கரித்தன. அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன்.

பூஜ்ஜியமும் போதாது!

'சரி, நீர்மட்டத்தை 0-வுக்குக் கொண்டுவந்தால் பிரச்னை தீர்ந்ததா?' என்றால், இல்லை. உப்புநீர் நன்னீரைவிடக் கனமானது. அதனால் நன்னீருக்கு அடியில் நுழைந்துகொள்ளும். அதைத் தள்ளி நிறுத்த, கடலோரத்தில் நன்னீர் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் தாக்குப்பிடிக்கும் என்கிறது நிலத்தடி நீரியல் கணக்கு.

அதனால்தான் ஆரணி ஆற்றின் குறுக்கே கட்டும் தடுப்பணைகளும், வீட்டு மழைநீர்த் தொட்டிகளும் முக்கியமாகின்றன. ஒரு மழைக்காலத்தில் -10, -6 ஆனால் நாலு மீட்டர் லாபம்தான். ஆனால் கடல் இன்னும் மேலேதான் நிற்கிறது. பாதி வழியில் 'அதான் ஏறிடுச்சே' என்று மோட்டாரைத் தட்டிவிட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்த முறை யாராவது "எங்க ஊர்ல 30 அடியிலேயே தண்ணி" என்று பெருமையாகச் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஊர் தரை, கடலுக்கு எத்தனை அடி மேலே?"