ஒரு பேறாவது பார்க்கட்டும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பது நாமெல்லாம் தொடக்கப் பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம். அந்நன்றிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது என்ற கேள்வி, எங்கள் வீட்டுச் செல்லி இறந்த பின்னரே என் உள்ளத்தில் எழுந்தது. ஜெய்ப்பூரில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நாயோ பூனையோ வளர்வதால், எனக்கு நேர்ந்ததையும் பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கு எழுதத் துணிந்தேன். நான் இரயில்வே குமாஸ்தா, மருத்துவன் அல்லேன்.

செல்லி எங்கள் குடியிருப்பு வாயிலில் கிடைத்த பெட்டைக் குட்டி. ஆறு திங்கள் நிரம்பியபோது, கருத்தடை அறுவை செய்துவிடுமாறு கால்நடை மருத்துவர் கூறினார். என் அன்னையார் இசையவில்லை. “ஏண்டா, அதுவும் ஒரு பெண் பிறவிதானே? ஒரு பேறாவது பார்க்கட்டும். வாயில்லாச் சீவன் வயிற்றில் கத்தி வைத்த பாவம் நமக்கு எதற்கு?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆயினும் குட்டிகளை வைத்துக் காப்பாற்ற வீட்டில் இடம் ஏது? ஆகவே பருவம் வரும்போதெல்லாம் அதனை உள்ளே கட்டிப்போட்டோம். பேறும் இல்லை, அறுவையும் இல்லை என்று ஏழாண்டுகள் கழிந்தன.

ஏழாம் ஆண்டு கோடையில் செல்லி ஓயாமல் தண்ணீர் குடித்தது. இவ்வூர் வெயிலில் மனிதரே குடம் குடமாகக் குடிக்கையில் நாயைப் பற்றி யாருக்கு ஐயம் வரும்? அடுத்த வாரம் சோற்றை வெறுத்தது, வாந்தி எடுத்தது, வயிறு சற்றே பருத்தது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது?” என்று கேட்டார். அலுவலகத்தில் பிறருடைய விடுப்புக் கணக்கை நாள் பிசகாமல் எழுதும் எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. கருப்பை முழுவதும் சீழ் கோத்திருந்தது. அன்றிரவே அறுவை செய்தனர். ஆனால் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டாம் நாள் விடியலில் செல்லி இறந்தது.

இந்நோய் அரிதானதன்று. அறுவை செய்யப்படாத பெட்டை நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருவதாக ஸ்வீடன் நாட்டுக் கணக்கு கூறுகிறது. பருவம் முடிந்தபின், சூல் கொண்டாலும் கொள்ளாவிடினும், இரண்டு திங்கள் அளவு கருப்பையின் உட்சுவர் தடித்து நிற்கும். பருவக் காலத்தில் வாய் திறந்திருக்கையில் உட்சென்ற கிருமிகள் அங்கே பெருகுகின்றன. பின்னர் கருப்பையின் வாய் மூடிக்கொண்டால் ஒரு துளியும் வெளிவராது; வீட்டாருக்குத் தெரிவது தாகம் ஒன்றே. ஒருமுறை ஈன்றுவிட்டால் இவ்வாபத்து நீங்கும் என்பது நாமே கற்பித்துக்கொண்ட எண்ணம். பருவம் வரவர ஆபத்து வளர்கிறது.

மடியில் தோன்றும் கட்டிகளும் இத்தகையனவே. முதற் பருவத்துக்கு முன் அறுவை செய்த நாய்க்கு, செய்யாத நாயோடு ஒப்பிட, இக்கட்டி வரும் வாய்ப்பு இருநூறில் ஒரு பங்கே என்று 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கூறிற்று. இரண்டாம் பருவத்துக்குப் பின் செய்தால் அது நான்கில் ஒரு பங்காகிவிடுகிறதாம். இக்கணக்கு இவ்வளவு திட்டமானதன்று எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எனினும் காலம் தாழ்த்துவது நன்று என்று அவர்கள் கூறவில்லை. பூனைகளிலோ இக்கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றாகவே இருக்கும்.

ஆண் நாய்க்கு விதை நீக்கினால் அதன் வீரம் போய்விடும் என்பர் நண்பர் சிலர். காவலுக்குக் குறைவு வருவதில்லை. பெட்டையைத் தேடிச் சுவரேறி ஓடுவதும், கடிபட்டும் வண்டியில் அடிபட்டும் திரும்புவதுமே குறைகின்றன. விதைப்புற்று வர வழியில்லை. முதுமையில் வரும் சுரப்பி வீக்கமும் தவிர்கிறது. இணை சேர்க்கையால் நாய்க்கு நாய் தொற்றும் புற்றுக்கட்டி ஒன்றுண்டு. நம் நாட்டுத் தெருநாய்களிடையே அது மிகுதி. அதற்கு வாரந்தோறும் ஊசி போட்டு மாளாது.

குறைகளும் உண்டு; மறைப்பதற்கில்லை. அறுவைக்குப்பின் உடல் எளிதில் பருக்கும். தயிர்ச்சோற்றை அன்பின் அளவாக இடுவோர் கவனிக்க. சில பெட்டைகளுக்கு முதுமையில் சிறுநீர் தானே கசியலாம். பேருருவ இனங்களுக்கு மிக இளமையில் செய்தால் மூட்டுக்குக் கேடு வரக்கூடும் என்பதால், உரிய வயதை மருத்துவரே கூறவேண்டும்.

நாம் வாழும் இவ்வூரே இதற்கு ஒரு சான்று. 1994 முதல் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்னும் அமைப்பினர் ஜெய்ப்பூர்த் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு வந்தனர். எட்டாண்டுகளில், அவர்கள் பணிசெய்த பகுதியில் பெட்டை நாய்களுள் 65 விழுக்காட்டுக்கு அறுவை முடிந்தது. நாய்களின் தொகை 28 விழுக்காடு குறைந்தது. அப்பகுதியில் வெறிநோயால் மாண்ட மனிதர் எண்ணிக்கை பூச்சியமாயிற்று. 2006-இல் வெளிவந்த செய்தி இது. தெருவில் காதோரம் வெட்டப்பட்ட நாயைக் கண்டால், யாரோ துன்புறுத்தியதாக எண்ணவேண்டா. அறுவை முடிந்ததன் அடையாளம் அது. மாற்றல் உத்தரவு வந்ததும் குட்டிகளைச் சரக்குக் கொட்டகை ஓரம் விட்டுச்செல்லும் நம்மவர் வழக்கம்பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மற்றொரு பெட்டைக் குட்டி வளர்கிறது. சென்ற திங்கள் அறுவை செய்துகொண்டோம். முன்னிரவு முதல் உணவு கொடுக்கலாகாது என்றனர். தையல் ஆறும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், குளிப்பாட்டலாகாது, புண்ணை நக்கவிடலாகாது என்றனர். கழுத்தில் மாட்டக் கொடுத்த கூம்பை அது முதலிரவே கழற்றி எறிந்துவிட்டது. விடியும் வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர் என் அன்னையார்.